காலியாய்க் கிடந்த இரண்டாம் ஆசனம்

கூட்டுக் குடும்பமொன்றில் தகப்பனார் காலமானால் மூத்த மகன் குடும்பத் தலைவனாகிறான். அதனால் இரண்டாம் மகன் மூத்த மகனாகிவிடுவதில்லை. இதை எந்த வீட்டிலும் யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆயினும் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் ஜனாதிபதி பதவியைப் பற்றிப் பேச்சு எழும்போது, கற்றவர்களுங்கூட இந்த எளிய நியாயத்தை மறந்துவிடுகிறார்கள். ஜனாதிபதி மறைந்தால் உப ஜனாதிபதி அவ்வாசனத்தில் அமர்கிறார் என்பதை அறிந்தவர்கள், அப்படியானால் பிரதிநிதிகள் சபையின் சபாநாயகர் உப ஜனாதிபதியாகிவிடுவார் என்றும், செனட்டின் தற்காலிகத் தலைவர் அவருக்கு அடுத்த ஸ்தானத்துக்கு வந்துவிடுவார் என்றும், கச்சேரியில் சிரஸ்தார் ஓய்வு பெற்றவுடன் கீழுள்ள குமாஸ்தாக்கள் ஒவ்வொருவராக ஒரு படி உயர்வதைப் போல மனத்தில் ஒரு சித்திரத்தைத் தீட்டிக்கொள்கிறார்கள். இந்தத் தப்பபிப்பிராயம் அமெரிக்க மக்களிடையிலேயே வேரூன்றியிருக்கிறது. சபாநாயகர் நிற்பது ஜனாதிபதியின் ஆசனத்துக்குரிய வரிசையில். உப ஜனாதிபதியின் ஆசனத்துக்கு அப்படியொரு வரிசை எக்காலத்திலும் இருந்ததில்லை. அந்த ஆசனம் காலியானால் காலியாகவே கிடந்தது. 1967-ஆம் வருஷம் வரையில் 16 தடவை, கூட்டிப் பார்த்தால் 37 வருஷங்களுக்கு மேல், அப்படிக் கிடந்தது.

இதற்கு மக்களின் அறியாமையை மட்டும் காரணமாகச் சொல்வது நியாயமாகாது. அந்நாட்டின் சரித்திரமே இந்த மயக்கத்துக்கு இடங்கொடுத்திருக்கிறது என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும்.

1787-ஆம் வருஷத்துக் கோடையில் பிலடெல்பியா நகரில் கூடி அரசியல் சாசனத்தை வகுத்தவர்கள், உப ஜனாதிபதி என்ற ஸ்தானத்தை ஏறக்குறையக் கடைசி வேளையிலேதான் சிருஷ்டித்தார்கள். மே மாதத்தில் தொடங்கிய மகாநாட்டில், ஒத்திப் போடப்பட்டிருந்த விஷயங்களை ஆராய்வதற்காக நியமிக்கப்பட்ட 11 பேர் கொண்ட கமிட்டி செப்டம்பர் 4-ஆம் தேதி சமர்ப்பித்த அறிக்கையிலேதான் அந்தப் பதவி முதன்முதலாகத் தலைகாட்டியது. ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர் ஒவ்வொருவரும் இரண்டு பேருக்கு வாக்களிக்க வேண்டும், அவ்விருவரில் ஒருவராவது தம் சொந்த ராஜ்யத்தைச் சேராதவராக இருக்க வேண்டும் என்று விதித்துவிட்டு, அதிக வாக்குப் பெற்றவர் ஜனாதிபதி, அவருக்கு அடுத்தபடி வந்தவர் உப ஜனாதிபதி என்று ஏற்பாடு செய்தார்கள். 1804-இல் நிறைவேறிய 12-ஆவது திருத்தம் இரண்டு பதவிகளுக்கும் தனித்தனியே வாக்களிக்கும் முறையைக் கொண்டுவந்து அந்த ஏற்பாட்டை மாற்றிவிட்டது. இருந்தாலும், தேர்தலில் இரண்டாவதாக வந்தவருக்கே அப்பதவி உரியது என்ற நினைவு, தேய்ந்த வடுவைப் போலப் பொதுஜன மனத்தின் ஏதோ ஒரு மூலையில் தங்கியிருக்கிறது.

அப்பதவிக்குச் சாசனம் இட்ட வேலை இரண்டே. செனட் சபைக்குத் தலைமை வகித்து, வாக்குகள் இரு பக்கமும் சமமாகப் பிரிந்தால் மட்டும் தம் வாக்கைப் போடுவது ஒன்று; ஜனாதிபதிக்கு ஏதேனும் நேர்ந்தால் பொறுப்பை ஏற்பது மற்றொன்று. முதல் உப ஜனாதிபதியான ஜான் ஆடம்ஸ், மனித புத்தி சிருஷ்டித்த பதவிகளுக்குள் இதைவிட அற்பமானது வேறில்லை என்ற பொருள்பட மனைவிக்குக் கடிதம் எழுதினார். அற்பமென்று எண்ணப்பட்ட காரணத்தாலோ என்னவோ, அந்த ஆசனம் இடையில் காலியானால் அதை யார், எப்படி நிரப்புவது என்பதைப் பற்றிச் சாசனத்தில் ஒரு சொல்கூட எழுதப்படவில்லை. ஜனாதிபதியும் உப ஜனாதிபதியும் இருவருமே இல்லாமற்போனால் ஜனாதிபதியின் கடமைகளை எந்த உத்தியோகஸ்தர் பார்ப்பது என்பதைச் சட்டத்தால் நிர்ணயித்துக்கொள்ளும் அதிகாரத்தைக் காங்கிரஸுக்குக் கொடுத்தார்கள். உப ஜனாதிபதி இல்லாத காலத்தில் சபையை நடத்துவதற்குத் தற்காலிகத் தலைவர் ஒருவரைத் தெரிந்தெடுக்கும் உரிமையைச் செனட்டுக்குக் கொடுத்தார்கள். அவ்வளவுதான். ஆசனத்தின் கடமைகளில் ஒன்றுக்கு மாற்று ஏற்பாடு இருந்தது. ஆசனத்துக்கு மாற்று மனிதர் இல்லை.

அந்த மௌனத்தின் பலன் வெளிப்பட வெகுகாலம் ஆகவில்லை. 1812 ஏப்ரல் 20-ஆம் தேதி உப ஜனாதிபதி ஜார்ஜ் கிளிண்டன் பதவியிலிருக்கும்போதே காலமானார். அவருக்குப் பின் வந்தவர் எல்பிரிட்ஜ் கெர்ரி. இவர் பிலடெல்பியா மகாநாட்டில் இருந்தவர். உப ஜனாதிபதி செனட்டுக்குத் தலைமை வகிப்பதை அங்கேயே ஆட்சேபித்தவர். முடிந்த சாசனத்தில் கையொப்பமிடவும் மறுத்தவர். காலத்தின் கோலம், அவரே அந்தப் பதவியை ஏற்று, 1814 நவம்பர் 23-ஆம் தேதி செனட்டுக்குப் புறப்பட்டுச் செல்லும் வழியில் வண்டியிலேயே உயிர் துறந்தார். ஜனாதிபதி மாடிசன் இப்படித் தம்முடைய இரண்டு உப ஜனாதிபதிகளையும் அடுத்தடுத்து இழந்தார். இரண்டு தடவையும் அந்த நாற்காலி அடுத்த தேர்தல் முடிந்து புதியவர் பிரமாணம் எடுக்கும் வரையில் வெறுமையாகவே இருந்தது. 1832 டிசம்பரில் ஜான் கல்ஹூன், ஜனாதிபதி ஜாக்ஸனோடு ஏற்பட்ட தீராத பகையின் முடிவில், தெற்குக் கரோலினாவின் செனட்டராகப் போவதற்காக உப ஜனாதிபதி பதவியை ராஜினாமாச் செய்தபோதும் அவ்வாறே ஆயிற்று.

இந்த இடைவெளிகளில் நிகழ்ந்த ஒரு சிறு விஷயம், பின்னாளைய மயக்கத்துக்குப் பெரிதும் காரணமாயிற்று என்று நான் கருதுகிறேன். உப ஜனாதிபதி இல்லாத காலத்தில் செனட்டின் தற்காலிகத் தலைவருக்கு உப ஜனாதிபதியின் சம்பளமே கொடுக்கப்படும் என்று சட்டம் விதித்தது. அவர் உப ஜனாதிபதியின் நாற்காலியில் அமர்ந்தார், அவருடைய சுத்தியலைத் தட்டினார், அவருடைய சம்பளத்தையும் பெற்றார். பத்திரிகைகள் அவரை ‘பதில் உப ஜனாதிபதி’ என்றே எழுதத் தலைப்பட்டன. 1865-இல் லின்கன் மறைந்தபின் அந்த இடத்தில் அமர்ந்த லாபயெட் பாஸ்டர் என்பவரை ஊரார் அப்படித்தான் அழைத்தார்கள். ஆனால் சாசனத்தின் கண்ணில் அவர் கனெக்டிகட்டின் செனட்டர் மட்டுமே. தம் ராஜ்யத்தின் சார்பில் தமக்குரிய ஒரு வாக்கை அவர் போடலாம். சபை சரிபாதியாகப் பிரிந்து நின்றால் முடிச்சை அவிழ்க்கும் வாக்கு அவரிடம் இல்லை. மரியாதைக்குச் சொன்ன பட்டத்தை மக்கள் மெய்யென்று கொண்டார்கள்.

இப்பொழுது 1841-ஆம் வருஷத்துக்கு வர வேண்டும். வில்லியம் ஹென்றி ஹாரிஸன் பதவியேற்று ஒரு மாதமே ஆகியிருந்த நிலையில், ஏப்ரல் 4-ஆம் தேதி காலமானார். ஜனாதிபதி ஒருவர் பதவியிலிருக்கும்போது இறந்தது அதுவே முதல் தடவை. செய்தி வர்ஜீனியாவில் வில்லியம்ஸ்பர்க்கிலிருந்த உப ஜனாதிபதி ஜான் டைலருக்கு எட்டியது. அவர் விரைந்து வாஷிங்டனுக்கு வந்து, 6-ஆம் தேதி ஒரு ஹோட்டலில் பிரமாணம் எடுத்துக்கொண்டார். அப்போது ஒரு கேள்வி பிறந்தது. சாசனம் ‘அது உப ஜனாதிபதியைச் சேரும்’ என்கிறதே, ‘அது’ என்பது எது? ஜனாதிபதியின் பதவியா, பதவியின் அதிகாரங்களும் கடமைகளும் மாத்திரமா? கடமைகள் மாத்திரமே என்றால் டைலர் உப ஜனாதிபதியாகவே இருந்துகொண்டு பொறுப்பைப் பார்ப்பவர். அவருடைய ஆசனம் காலியாகவில்லை. பதவியே என்றால் அவர் முழு ஜனாதிபதி. அவர் விட்டுவந்த ஆசனம் வெறும் ஆசனம். டைலர் சிறிதும் தயங்காமல் இரண்டாவது வியாக்கியானத்தைப் பற்றிக்கொண்டார். ‘பதில் ஜனாதிபதி’ என்று முகவரியிட்டு வந்த கடிதங்களை உறையைப் பிரிக்காமலேயே திருப்பியனுப்பினார் என்று சொல்வதுண்டு. காங்கிரஸின் இரு சபைகளும் அவரை ஜனாதிபதி என்றே குறிப்பிட்டுத் தீர்மானம் செய்தன. அன்று முதல் அதுவே சம்பிரதாயமாயிற்று. அதன் மறுபக்கமாக, ஜனாதிபதியின் மரணம் ஒவ்வொன்றும் உப ஜனாதிபதியின் ஆசனத்தையும் காலியாக்கும் என்பதும் அன்றே முடிவாயிற்று.

அந்த வெறுமை எத்தகைய ஆபத்து என்பதைக் காட்ட மூன்று வருஷங்களில் ஒரு சம்பவம் நடந்தது. 1844 பிப்ரவரி 28-ஆம் தேதி, போட்டோமாக் நதியில் பிரின்ஸ்டன் என்ற புதிய போர்க்கப்பலில் டைலரும் மந்திரிகளும் நூற்றுக்கணக்கான விருந்தினரும் உல்லாசமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். ‘சமாதானம் செய்விப்போன்’ என்று பெயரிட்ட பெரிய பீரங்கியை மேல்தளத்தில் வெடித்துக் காட்டினார்கள். விருந்தினரின் வேண்டுகோளின்மேல் மற்றுமொரு முறை வெடித்தபோது பீரங்கியே பிளந்து சிதறியது. வெளிவிவகார மந்திரி அப்ஷரும் கடற்படை மந்திரி கில்மரும் உள்ளிட்ட ஆறு பேர் அவ்விடத்திலேயே மாண்டார்கள். டைலர் அந்த வேளையில் கீழ்த்தளத்தில் இருந்தபடியால் பிழைத்தார். அவர் மேலே ஏறியிருந்தாரானால், அமெரிக்காவுக்கு ஜனாதிபதியும் இல்லை, உப ஜனாதிபதியும் இல்லை. 1792-ஆம் வருஷத்துச் சட்டப்படி செனட்டின் தற்காலிகத் தலைவரான வில்லி மாங்கம் பொறுப்பை ஏற்றிருக்க வேண்டும். ஒரு தேசத்தின் ஆட்சித் தொடர்ச்சி அன்று ஓர் ஏணியின் சில படிகளில் தங்கியிருந்தது.

பிறகும் மரணங்கள் தொடர்ந்தன. 1850-இல் ஜனாதிபதி டெய்லர் மறைய, உப ஜனாதிபதி பில்மோர் ஜனாதிபதியாகி, ஆசனம் காலியாயிற்று. 1853-இல் வில்லியம் கிங், நோய்க்கு இதமான சீதோஷ்ணத்தைத் தேடிக் கியூபாவுக்குப் போன இடத்தில் உப ஜனாதிபதியாகப் பிரமாணம் எடுத்து, அலபாமாவிலுள்ள தம் வீட்டுக்குத் திரும்பியவுடனே கண்மூடினார். பதவியின் கடமையில் ஒன்றையும் அவர் செய்ததில்லை, ஏறக்குறைய நான்கு வருஷம் அந்த இடம் சூனியமாக இருந்தது.

லின்கனுக்குப் பின் வந்த ஆண்ட்ரூ ஜான்ஸன் காலத்தில், காலியான ஆசனம் ஆபத்தாக மட்டுமல்லாமல் அநீதிக்கு ஏதுவாகவும் ஆகக்கூடும் என்பது தெரியவந்தது. 1868-இல் ஜான்ஸன்மீது குற்றஞ்சாட்டிச் செனட்டில் விசாரணை நடந்தபோது, அவர் நீக்கப்பட்டால் அடுத்து அதிகாரத்துக்கு வரவேண்டியவர், அந்தச் செனட்டின் தற்காலிகத் தலைவரான பெஞ்சமின் வேட். நீதிபதியாக உட்கார்ந்தவர்களில் ஒருவரே தீர்ப்பின் பயனை அடையப்போகிறவர்! வேட் விலகி நிற்கவில்லை. ‘குற்றவாளி’ என்றே வாக்களித்தார். 35 பேர் குற்றவாளி என்றும் 19 பேர் குற்றவாளியல்ல என்றும் சொல்ல, மூன்றில் இரண்டு பங்குக்கு ஒரே ஒரு வாக்குக் குறைந்து, ஜான்ஸன் தப்பினார்.

1881-ஆம் வருஷத்துக் கதை இன்னும் மனத்தை உறுத்துவது. ஜூலை 2-ஆம் தேதி சுடப்பட்ட ஜனாதிபதி கார்பீல்டு செப்டம்பர் 19-ஆம் தேதி வரையில் மரணத்தோடு போராடிக் கிடந்தார். உப ஜனாதிபதி செஸ்டர் ஆர்தருக்கு அடுத்தபடியாக நிற்க அப்போது ஓர் உயிர்ப்பிராணியும் இல்லை. செனட், கட்சிகள் சமபலமாக இருந்த காரணத்தால், தற்காலிகத் தலைவரைத் தெரிந்தெடுக்காமலே கலைந்திருந்தது. புதிய பிரதிநிதிகள் சபையோ இன்னும் கூடவே இல்லை, ஆகையால் சபாநாயகரும் இல்லை. கார்பீல்டு காலமான இரவில், நியூயார்க்கில் தம் வீட்டில் நள்ளிரவுக்குப் பின் பிரமாணம் எடுத்துக்கொண்ட ஆர்தர், விடிந்தபின் வாஷிங்டனுக்குப் பிரயாணம் செய்ய வேண்டும். வழியில் தமக்கு ஏதேனும் நேர்ந்தால் நாடு நாதியற்றதாகிவிடுமே என்று அஞ்சி, செனட்டை உடனே கூட்டுவதற்கான பிரகடனம் ஒன்றை எழுதி, உறையிலிட்டு, வெள்ளை மாளிகையிலுள்ள ஜனாதிபதிக்கு, அதாவது தமக்கே, தபாலில் அனுப்பிவைத்தார். பத்திரமாகப் போய்ச் சேர்ந்தபின் அதற்கு அவசியமில்லாமற்போயிற்று. அந்தக் கடித உறையை நினைக்கும்போதெல்லாம், உலகத்தின் பெரிய குடியரசொன்றின் பாதுகாப்பு ஒரு தபால் தலையை நம்பியிருந்த அந்த இரவு என் மனத்தில் எழுகிறது.

நான்கு வருஷங்கள்தாம் கழிந்தன. 1885 நவம்பரில் உப ஜனாதிபதி ஹெண்ட்ரிக்ஸ் இண்டியானாபோலிஸில் காலமானார். மீண்டும் தற்காலிகத் தலைவரும் இல்லை, சபாநாயகரும் இல்லை. ஜனாதிபதி கிளீவ்லண்டு, தம்மோடு தேர்தலில் நின்று வென்றவரின் இறுதிச் சடங்குக்குக்கூடப் போகவில்லை. ரயில் பிரயாணத்தில் அவருக்கு விபத்து நேர்ந்தால் பின்னால் ஒருவரும் இல்லை என்று பலர் தடுத்ததே காரணம். அதன் பிறகே காங்கிரஸ் விழித்துக்கொண்டு, 1886 ஜனவரியில், சபைகளின் தலைவர்களை வரிசையிலிருந்து நீக்கி, வெளிவிவகார மந்திரி முதலாக மந்திரிகளை நிறுத்தியது. கவனிக்க வேண்டியது என்னவென்றால், இத்தனை அனுபவத்துக்குப் பின்னும், வரிசையைத் திருத்தினார்களே ஒழிய, காலியான ஆசனத்தை நிரப்ப எவரும் முயலவில்லை. வரிசையொன்று இருக்கும்போது ஆசனத்தைப் பற்றி ஏன் கவலை என்பதுதான் சாசனத்தை நன்கு அறிந்தவர்களுடைய எண்ணமும். பொதுஜனங்களின் மயக்கமும் அதே இடத்திலேதான் பிறந்தது.

1899-இல் ஹோபார்ட், 1912-இல் தேர்தலுக்கு ஆறு நாட்களே இருக்கும்போது ஷெர்மன் என உப ஜனாதிபதிகளின் இறப்புகள் தொடர்ந்தன. ஜனாதிபதிகள் மக்கின்லியும் ஹார்டிங்கும் மறைந்தபோது தியோடோர் ரூஸ்வெல்டும் கூலிட்ஜும் உயர்ந்தார்கள். கூலிட்ஜ், வெர்மாண்ட் ராஜ்யத்துக் கிராமமொன்றில், நடுநிசிக்குப் பின் மண்ணெண்ணெய் விளக்கின் வெளிச்சத்தில், தம் தகப்பனார் சொல்லச் சொல்லப் பிரமாணம் எடுத்த காட்சியை அமெரிக்கர்கள் இன்றும் அன்போடு நினைவுகூர்கிறார்கள். அந்த விளக்கொளியில் ஒருவர் ஜனாதிபதியானார். அதே கணத்தில் இரண்டாம் ஆசனம் இருளில் மூழ்கியதை யாரும் கவனிக்கவில்லை.

1945 ஏப்ரல் 12-ஆம் தேதி பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் மறைந்து ட்ரூமன் வந்தபோது, 1949 ஜனவரி வரையில் உப ஜனாதிபதி இல்லை. சட்டப்படி அடுத்தவர் வெளிவிவகார மந்திரி. அவரோ ஜனாதிபதியே நியமிக்கும் மனிதர். ஜனநாயக நாட்டில் தமக்குப் பின் வருபவரைத் தாமே பொறுக்கியெடுக்கும் அதிகாரம் தமக்கு இருக்கலாகாது என்று ட்ரூமன் காங்கிரஸுக்கு எழுதினார். மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டுச் சபையின் நம்பிக்கையையும் பெற்ற சபாநாயகரே அடுத்து நிற்கத் தகுந்தவர் என்பது அவருடைய கொள்கை. அவர் கேட்டபோது சபாநாயகராயிருந்த சாம் ரேபர்ன் அவருடைய கட்சிக்காரர். சட்டம் நிறைவேறிய 1947 ஜூலையில் சபாநாயகர் எதிர்க்கட்சியைச் சேர்ந்த ஜோசப் மார்ட்டின். அப்படியிருந்தும் ட்ரூமன் கொள்கையை விடாமல் கையொப்பமிட்டார் என்பது அவருக்குப் பெருமை. இன்றும் நடைமுறையில் உள்ளது அந்தச் சட்டமே: உப ஜனாதிபதிக்குப் பின் சபாநாயகர், பிறகு செனட்டின் தற்காலிகத் தலைவர், பிறகு மந்திரிகள். பாடப்புத்தகங்களில் இந்தப் பட்டியல் மேலிருந்து கீழாக அச்சிடப்பட்டிருப்பதைப் பார்க்கும் மாணவன், மேலே ஒரு பெயர் அகன்றால் கீழுள்ள பெயர்கள் யாவும் ஒரு வரி நகரும் என்று எண்ணுவதில் என்ன வியப்பு? பெயர்கள் நகர்வதில்லை. சபாநாயகர், உப ஜனாதிபதி இல்லாத நாளில் ஜனாதிபதியின் ஆசனத்துக்கு மிக அண்மையில் நிற்கிறார், சபாநாயகராகவே நிற்கிறார்.

1963 நவம்பர் 22-ஆம் தேதி கென்னடி கொல்லப்பட்டார். ஐந்து நாட்களுக்குப் பின், அவருக்கு அடுத்து ஜனாதிபதியான மற்றொரு ஜான்ஸன் காங்கிரஸின் கூட்டுக் கூட்டத்தில் பேசியதைத் தேசம் முழுவதும் தொலைக்காட்சியில் கண்டது. அவருக்குப் பின்னால், உயர்ந்த மேடையில், இரண்டு முதியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள்: சபாநாயகர் ஜான் மக்கார்மக், வயது 71; செனட்டின் தற்காலிகத் தலைவர் கார்ல் ஹேடன், வயது 86. பேசிக்கொண்டிருந்த ஜான்ஸனோ எட்டு வருஷங்களுக்கு முன் மாரடைப்பால் தாக்கப்பட்டுப் பிழைத்தவர். அணுகுண்டின் பொத்தான் எவர் கையில் என்பதே உலகத்தின் கவலையாயிருந்த காலம் அது. நூற்றெழுபது வருஷங்களாகச் சட்டப் புஸ்தகங்களுக்குள் மறைந்திருந்த குறை, அன்று ஒரே சட்டத்துக்குள் அடங்கிய படமாக எல்லோர் கண்ணிலும் பட்டுவிட்டது.

அந்தக் குறையைத் தீர்க்கும் பொறுப்பை மேற்கொண்டவர் இண்டியானா ராஜ்யத்தின் செனட்டர் பெர்ச் பை, வயது 35. அரசியல் சாசனத் திருத்தங்களுக்கான உபகமிட்டியின் தலைமை அப்போதுதான் அவருக்குக் கிடைத்திருந்தது. பல யோசனைகள் வந்தன. நிர்வாகத்துக்கு ஒருவர், சட்டசபைக்கு ஒருவர் என்று இரண்டு உப ஜனாதிபதிகளைத் தேர்ந்தெடுக்கலாம் என்றார் நியூயார்க்கின் கீட்டிங். தேர்வாளர் மன்றத்தையே மறுபடியும் கூட்டிப் புதியவரைத் தெரிந்தெடுக்கச் செய்யலாம் என்று 1964-இல் உபகமிட்டியின்முன் சொன்னவர், அக்காலத்தில் பதவி ஏதும் இல்லாதிருந்த ரிச்சர்ட் நிக்ஸன். கடைசியில் எல்லோரும் இணங்கிய வழி எளிமையானது: உப ஜனாதிபதி பதவி காலியானால், ஜனாதிபதி ஒருவரைப் பிரேரேபிக்க வேண்டும், காங்கிரஸின் இரு சபைகளும் பெரும்பான்மை வாக்கால் அங்கீகரித்தவுடன் அவர் பதவியேற்பார். 1965 ஜூலையில் காங்கிரஸ் ஏற்ற 25-ஆவது திருத்தம், 1967 பிப்ரவரி 10-ஆம் தேதி 38 ராஜ்யங்களின் சம்மதம் பூர்த்தியாகிச் சாசனத்தில் இடம்பெற்றது. டைலரின் வியாக்கியானத்தையும் அதே திருத்தம் முதல் பிரிவில் எழுத்தில் பொறித்துவிட்டது.

எழுதிய மை காய்ந்து ஏழு வருஷம் ஆவதற்குள் அதற்குச் சோதனை வந்தது. 1973 அக்டோபர் 10-ஆம் தேதி உப ஜனாதிபதி ஸ்பைரோ ஆக்னியூ, பால்டிமோர் கோர்ட்டில், 1967-ஆம் வருஷத்து வருமான வரியை ஏய்த்த குற்றச்சாட்டை எதிர்த்து வழக்காடப்போவதில்லை என்று தெரிவித்தார். அவருடைய ராஜினாமாக் கடிதம், சட்டம் விதித்தபடி, வெளிவிவகார மந்திரி கிஸ்ஸிங்கரிடம் சேர்ந்தது. இரண்டு நாட்களுக்குப் பின், அப்போது ஜனாதிபதியாயிருந்த நிக்ஸன், பிரதிநிதிகள் சபையில் தம் கட்சியின் தலைவராயிருந்த ஜெரால்ட் ஃபோர்டைப் பிரேரேபித்தார். தாம் யோசனை சொன்ன முறை ஏற்கப்படாத இடத்தில் ஏற்கப்பட்ட முறையை முதன்முதலில் கையாண்டவர் அவரே.

அந்த 57 நாட்களில் ஜனாதிபதியின் ஆசனத்துக்கு அடுத்து நின்றவர் எதிர்க்கட்சியைச் சேர்ந்த சபாநாயகர் கார்ல் ஆல்பர்ட். வாட்டர்கேட் விவகாரத்தால் நிக்ஸனின் நிலைமை நாளுக்கு நாள் தளர்ந்துகொண்டிருந்தது. இரு சபைகளிலும் பெரும்பான்மை ஆல்பர்ட்டின் கட்சிக்கே. ஃபோர்டின் பெயரை நிறுத்திவைத்துவிட்டு நிக்ஸனை நீக்கினால் ஆட்சியே கைமாறிவிடும் என்று சிலர் வாதித்தார்கள். ஆல்பர்ட் அதற்குச் செவிசாய்க்கவில்லை. பொதுஜனங்கள் நினைப்பதுபோலச் சபாநாயகர் தாமாகவே உப ஜனாதிபதியாகும் வழக்கம் இருந்திருந்தால், அக்டோபர் 10-ஆம் தேதியே ஆல்பர்ட் அந்த ஆசனத்தில் அமர்ந்திருப்பார். மறு வருஷம் ஆகஸ்டில் ஜனாதிபதியுமாகியிருப்பார். 1972 தேர்தலில் 50 ராஜ்யங்களில் 49-இன் ஆதரவைப் பெற்ற கட்சியின் ஆட்சி, ஒரு வாக்குச்சீட்டும் போடப்படாமலே எதிர்த்தரப்புக்குப் போயிருக்கும். இந்தத் தப்பபிப்பிராயத்தை அற்பமான பிழையென்று ஒதுக்க எனக்கு மனம் வராததற்கு இதுவே காரணம்.

செனட் நவம்பர் 27-ஆம் தேதி 92-க்கு 3 என்ற வாக்குகளாலும், பிரதிநிதிகள் சபை டிசம்பர் 6-ஆம் தேதி 387-க்கு 35 என்ற வாக்குகளாலும் ஃபோர்டை அங்கீகரித்தன; தாம் இருபத்தைந்து வருஷம் உறுப்பினராயிருந்த சபையின் மண்டபத்திலேயே அவர் அன்று பிரமாணம் எடுத்தார். 1974 ஆகஸ்ட் 9-ஆம் தேதி நிக்ஸன் ராஜினாமாச் செய்ய, ஃபோர்டு ஜனாதிபதியானார். ஆசனம் மறுபடி காலி. அவர் ஆகஸ்ட் 20-ஆம் தேதி நியூயார்க்கின் முன்னாள் கவர்னர் நெல்சன் ராக்பெல்லரைப் பிரேரேபித்தார். இந்தத் தடவை கமிட்டிகள் அவசரப்படவில்லை. அளவற்ற செல்வம் படைத்த அந்த மனிதரின் சொத்துக்களையும், உத்தியோகஸ்தர்களுக்கு அவர் கொடுத்திருந்த அன்பளிப்புகளையும், கிஸ்ஸிங்கருக்குக் கொடுத்த 50,000 டாலர் உட்பட, துருவித் துருவி விசாரித்தார்கள். நான்கு மாதங்கள் சென்றன. செனட் 90-க்கு 7 என்றும், பிரதிநிதிகள் சபை 287-க்கு 128 என்றும் வாக்களித்தபின், டிசம்பர் 19-ஆம் தேதி செனட் மண்டபத்தில் அவர் பதவியேற்றார். அந்த மண்டபத்துக்குள் தொலைக்காட்சிக் காமிராக்கள் அனுமதிக்கப்பட்டது அதுவே முதல் தடவை.

இவ்விரு நிகழ்ச்சிகளைப் பார்த்தவர்களிடையேயும் புதிய மயக்கங்கள் பிறந்தன. ஜனாதிபதி விரும்பியவரை நியமித்துக்கொள்கிறார் என்பார் ஒரு சாரார். அவர் பெயரை முன்வைக்கிறாரே ஒழிய நியமிப்பதில்லை. மந்திரிகளையும் நீதிபதிகளையும் போலச் செனட் மட்டும் சம்மதித்தால் போதும் என்பார் வேறு சிலர். மக்கள் தொகைக்கேற்பத் தேர்ந்தெடுக்கப்படும் பிரதிநிதிகள் சபையின் சம்மதமும் இதற்கு இன்றியமையாதது, இந்தப் பதவியை மற்ற நியமனங்களிலிருந்து பிரித்துக் காட்டுவதும் அதுவே. மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டுமென்று எண்ணுவோரும் உண்டு. சாதாரணப் பெரும்பான்மையே சாசனம் கேட்பது. அங்கீகரிக்கப்பட்டவர் எஞ்சியிருக்கும் காலத்துக்கு மட்டுமே பதவி வகிப்பார். அவரைத் தெரிந்தெடுக்க இடைத்தேர்தல் நடப்பதில்லை. எத்தனை நாளுக்குள் வாக்களித்தாக வேண்டும் என்று திருத்தத்தில் கெடு எதுவும் விதிக்கவில்லை. அது ஒரு குறை என்றே எனக்குத் தோன்றுகிறது, ஏனென்றால் ஆல்பர்ட்டைப் போன்ற நிதானஸ்தர் எல்லாக் காலத்திலும் சபாநாயகராக இருப்பார் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

ஆகவே வாசகர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். சபாநாயகர் உப ஜனாதிபதியாகிவிடுவார் என்று உங்கள் வீட்டுப் பிள்ளை பரீட்சைக்குப் படித்து ஒப்புவித்தால், அதைத் திருத்தி, ஆர்தர் தமக்கே அனுப்பிக்கொண்ட அந்தக் கடிதத்தின் கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள். 25-ஆவது திருத்தத்தின் இரண்டாம் பிரிவு இதுவரை இரண்டே தடவை கையாளப்பட்டிருக்கிறது. 1974 டிசம்பர் 19-ஆம் தேதிக்குப் பின் அமெரிக்க உப ஜனாதிபதியின் ஆசனம் ஒரு நாளும் காலியாக இருந்ததில்லை.